ஆளில்லா ஊருக்கு ஒரு மேயர்

பிரெஞ்சு அரசின் மக்கள்தொகைப் பட்டியலில் ஆறு ஊர்களின் பெயருக்கு நேரே சுழியம் என்றே எழுதப்பட்டிருக்கிறது. ஆறும் வெர்டன் நகரையொட்டிய போர்க்களத்தில் இருந்தவை. அவற்றுள் ஃப்ளூரி என்னும் சிற்றூரைப் பற்றி இங்கே பேச விரும்புகிறோம்.

முதல் உலகப்போருக்கு முன், 1913இல், ஃப்ளூரியில் 422 பேர் வாழ்ந்தனர். உழவும் மரவேலையும் அவர்களது தொழில். 1916 பிப்ரவரி 21 அன்று வெர்டன் போர் தொடங்கியதும் ஊரார் வெளியேற நேர்ந்தது. அந்தக் கோடையில் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் ஃப்ளூரியை மாறிமாறிக் கைப்பற்றினர். 16 முறை கைமாறியது என்பர். ஆகஸ்டில் பிரெஞ்சுப் படை அதனை இறுதியாக மீட்டபோது, மீட்பதற்கு ஊர் என்று ஒன்று எஞ்சியிருக்கவில்லை. பீரங்கிக் குண்டுகள் வீடுகளை அழித்ததோடு நில்லாமல், நிலத்தின் மேடுபள்ளங்களையே மாற்றிவிட்டிருந்தன.

போர் ஓய்ந்தபின், வெடிக்காத குண்டுகளும் சடலங்களும் புதைந்துகிடந்த அம்மண்ணில் குடியேற்றம் இயலாதென அரசு முடிவுசெய்தது. வயல்கள் இருந்த இடத்தில் மரங்கள் நடப்பட்டன.

பிரான்சில் 'கொம்யூன்' என்பது 1789ஆம் ஆண்டுப் புரட்சி வகுத்த அடிப்படை நிர்வாக அலகு. ஆளற்றுப்போன கொம்யூனை அண்டை ஊருடன் இணைத்துவிடுவதே எளிய வழி. ஆனால் 1919ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வூர்களைத் தனி கொம்யூன்களாகவே நிலைபெறச் செய்தது. வாக்காளர் இல்லாமையால் தேர்தலும் இல்லை. நம் மாவட்ட ஆட்சியரை ஒத்த 'பிரிஃபெக்ட்' ஒரு குழுவை நியமிக்கிறார். அதன் தலைவரே மேயரின் பொறுப்பை ஏற்கிறார். போரில் மடிந்த வீரர்க்கு வழங்கும் 'பிரான்சுக்காக உயிர்நீத்தவர்' என்னும் சிறப்பையும் அரசு இவ்வூர்களுக்கு வழங்கியது. ஓர் ஊரை இறந்த மனிதனாகக் கருதி மரியாதை செய்திருக்கிறார்கள்.

இன்று அங்கே செல்வோர் காண்பது மரங்களையும், புல் மூடிய குண்டுக்குழிகளையும், அவற்றினூடே செல்லும் ஒற்றையடிப் பாதைகளையும்தான். இங்கே தெரு, இங்கே பட்டறை என்று சிறு அடையாளங்கள் இடம் சுட்டி நிற்கின்றன. தேவாலயம் இருந்த இடத்தில் ஒரு சிற்றாலயம் உள்ளது.

2013இல் இவ்வூர் மண்ணிலிருந்து 26 பிரெஞ்சு வீரர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடிகள் திரும்ப இயலவில்லை. போரிட வந்தவர்களோ ஏறத்தாழ நூறாண்டுகள் அங்கேயே கிடந்திருக்கிறார்கள். கணக்கெடுப்பில் இவ்விரு சாராருக்கும் இடமில்லை. பெயரைக் காத்த சட்டத்தால் ஊரைத் திருப்பித்தர முடியவில்லை என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. எனினும், அந்தப் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தால் 422 பேர் வாழ்ந்த ஓரிடம் இருந்தது என்பதையே நாம் அறிந்திருக்க மாட்டோம். அதன் நேரே நிற்கும் சுழியம்தான் நம்மை அங்கே நிறுத்தி, ஏன் என்று கேட்க வைக்கிறது.