எம்மா கேற்வூட்டும் அப்பலாச்சிய மலைப்பாதையும்

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஜோர்ஜியா முதல் மெயின் வரை பதினான்கு மாநிலங்களினூடாகச் செல்லும் அப்பலாச்சிய மலைப்பாதை, பென்ரன் மக்கே என்பார் 1921 இல் வெளியிட்ட கட்டுரையொன்றிற் கருக்கொண்டது. கைத்தொழில் நகரங்களில் உழைத்துக் களைத்தோர் மலைகளில் ஓய்வு காணவேண்டும் என்பதே அவர் எண்ணம். தொண்டர் கழகங்களின் உழைப்பால் 1937 இல் பாதை நிறைவெய்திற்று. எனினும், அதனை ஒரே பயணத்தில் முற்றாக நடந்து முடித்தவரென முதலில் அறியப்பட்டவர், போரிலிருந்து மீண்ட ஏர்ல் ஷாஃபர் என்னும் இளைஞரே. அது 1948 இல் நிகழ்ந்தது. ஓய்வுக்கென வகுத்த பாதை உடல் வலிமையின் சோதனைக்களமாயிற்று.

இந்நிலையில், 1955 மே 3 ஆம் திகதி, ஒகையோ மாநிலத்து நாட்டுப்புறப் பெண்ணான எம்மா கேற்வூட் ஜோர்ஜியாவின் ஓகல்தோர்ப் மலையிலிருந்து தனியே புறப்பட்டார். வயது அறுபத்தேழு, பதினொரு பிள்ளைகளின் தாய். சற்று நடந்துவிட்டு வருவதாக மட்டுமே வீட்டாரிடம் சொல்லியிருந்தார். முந்திய ஆண்டில் மெயினிலிருந்து நடக்கத் தொடங்கி, வழி தவறி, மூக்குக்கண்ணாடியும் உடைந்து திரும்பியிருந்தமையால் இம்முறை வாயடக்கம் தேவைப்பட்டது போலும். தோளில் தாமே தைத்த துணிப்பை, காலில் கன்வஸ் சப்பாத்து, போர்வையொன்று, மழைக்குப் பிளாஸ்ரிக் திரையொன்று. கூடாரமும் இல்லை, உறங்குபையும் இல்லை. ஓகஸ்ட் மாதத்துச் சூறாவளி மழையிலும் நடந்து, 146 நாட்களில் ஏறத்தாழ 2050 மைல்களைக் கடந்து, செப்டெம்பர் 25 ஆம் திகதி கற்றாடின் சிகரத்தை அடைந்தார். ஒரே பருவத்தில் அப்பாதையைத் தனியே நடந்து முடித்த முதற்பெண் அவரே.

1949 இல் வெளிவந்த ஒரு சஞ்சிகைக் கட்டுரையை வாசித்தே அவர் இப்பாதையை அறிந்தார். கட்டுரை காட்டிய இனிய பாதை வேறு. அவர் கண்டது வேறு. அடையாளங்கள் அழிந்து, மரங்கள் வீழ்ந்து, தங்குகுடில்கள் சிதைந்து கிடந்தன. இதனை அவர் பத்திரிகையாளரிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அவரே பாதையைக் காப்பாற்றினார் எனப் பின்னாளில் எழுதுவோர் சற்று மிகைப்படுத்துகின்றனர். 1968 இல் பாதைக்குச் சட்டப் பாதுகாப்புக் கிட்டியதற்குப் பலரின் உழைப்புக் காரணமாகும். ஆயினும், ஒரு பாட்டியாலும் நடக்கக்கூடிய பாதை என்ற எண்ணத்தை மக்களிடம் விதைத்தவர் அவர் என்பதில் ஐயமில்லை. 1957 இல் மீண்டும் முழுமையாகவும், 1964 இல் நிறைவுற்ற மூன்றாம் முறை பகுதி பகுதியாகவும் அவர் அதனை நடந்தார்.

அக்காலப் பத்திரிகைகள் அவரை வேடிக்கையான பாட்டியாகவே சித்திரித்தன. தாம் விதவை என்று அவர் கூறியதையும் அப்படியே அச்சிட்டன. உண்மையில் கணவர் அப்போது உயிருடனிருந்தார். பத்தொன்பதாம் வயதில் மணமுடித்த எம்மா, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவரிடம் அடியுண்டு வாழ்ந்தவர். 1939 இல் பல்லுடைந்து, விலாவெலும்பு வெடித்த நிலையிலும் கைதானவர் எம்மாவே. அவரது முகத்தைக் கண்ட நகர முதல்வர் தம் இல்லத்தில் அடைக்கலமளித்தார். 1941 இல் மணமுறிவு கிட்டியது. நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் துணைக்கொண்டு பென் மொன்ற்கோமரி எழுதிய நூல் 2014 இல் வெளிவந்த பின்னரே இவை பரவலாகத் தெரியவந்தன. பத்திரிகைச் செய்தியை மாத்திரம் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் இத்தகைய இடங்களில் தடுக்கி வீழ்வர்.

கணவரின் கொடுமை மிகும்போதெல்லாம் எம்மா வீட்டைவிட்டு ஓடி ஒளிந்த இடம் அருகிலிருந்த காடு. தனிமையும் அமைதியும் அங்கேதான் அவருக்குக் கிடைத்தன. மலைப்பாதையை ஏன் நடந்தீர்கள் என்று கேட்ட பத்திரிகையாளருக்கு அவர் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் அளித்தார். எந்த விடையிலும் அந்தக் காடு இடம்பெறவில்லை.