தாமதமாகக் கிளம்பும் கார்: பழுதறியும் அறிவின் வரலாறு குறித்து

இந்தியக் கார்களின் வரலாறு பெரும்பாலும் தொழிற்சாலைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. உத்தர்பாராவில் அம்பாசிடர், குர்லாவில் பத்மினி, 1983 டிசம்பரில் குர்கானிலிருந்து மாருதி 800 என உற்பத்தியின் மைல்கற்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அந்த வண்டிகளைப் பத்து, இருபது ஆண்டுகள் ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் இவ்வரலாற்றில் அரிதாகவே தலைகாட்டுகிறார்கள். அவர்களை உள்ளே அழைத்துவர ஒரு சிறு பழுதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சாவியைத் திருப்பியதும் கிளம்பிக்கொண்டிருந்த கார், சில மாதங்களில் மூன்று நொடி, ஐந்து நொடி, எட்டு நொடி என்று மேலும் மேலும் நேரம் எடுத்துக்கொள்வதுதான் அது.

இப்பழுது ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்றைய காலையைச் சென்ற மாதத்துக் காலையோடு ஒப்பிடக்கூடிய ஒருவர் இருந்தால்தான் அது பழுது என்றே புலப்படும். எனவே இதைக் கண்டறியும் முறை மாறிய கதை, அந்த நினைவு யாரிடம் இருந்தது, யாருடைய சொல் சான்றாக ஏற்கப்பட்டது என்பதன் கதையும் ஆகும்.

உரிம ஆட்சிக் காலத்தில் ஒரு காருக்குப் பதிவுசெய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கிடைத்த வண்டியை எளிதில் மாற்ற முடியாது. பழுது பார்த்தே ஆகவேண்டும். அம்பாசிடரின் பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை பானட்டைத் திறந்தால் கண்ணெதிரே இருந்தன. எல்லாவற்றையும் ஒரு ஸ்பானர் கொண்டு கழற்றிவிடலாம். தாமதமாகக் கிளம்பும் வண்டியிடம் மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி எளியது: செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதா, அல்லது நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பற்றவில்லையா? இதற்கு விடை காதில் இருந்தது. மெதுவாகச் சுற்றினால் பாட்டரி, அதன் முனைகளில் படிந்த பச்சைப் பூப்பு, எர்த் கேபிள், ஸ்டார்ட்டர் மோட்டாரின் கார்பன் பிரஷ் என்று தேடல் ஒரு திசையில் போகும். நன்றாகச் சுற்றியும் பற்றாவிட்டால் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, பொறியில்தான் ஐயம்; உலர்ந்திருந்தால் எரிபொருளே வரவில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட்டின் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். தேய்மானத்தால் அது சிறிது சிறிதாகக் குறையும்போது பொறி வலுவிழக்கும், கிளம்பும் நேரம் நீளும். ஒரு உப்புத்தாளும் ஃபீலர் கேஜும் இருந்தால் வேலை முடிந்தது.

(‘செல்ஃப்’ என்ற சொல்லே ஒரு வரலாற்று எச்சம். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்ற பிறகுதான் கைப்பிடி போட்டுச் சுற்றாமல் வண்டி ‘தானே’ கிளம்பத் தொடங்கியது. கைப்பிடி மறைந்த பின்னும் நம் பேச்சில் அந்த வேறுபாடு தங்கிவிட்டது.)

இதைப் பொற்காலமாகச் சித்திரிக்கும் எண்ணம் எனக்கில்லை. அந்த அறிவு கைமாறிய முறையில், ‘சோட்டு’ என்று மட்டுமே அழைக்கப்பட்ட சிறுவர்களின் ஊதியமற்ற உழைப்பு இருந்தது. அந்த வண்டிகளின் புகையில் ஈயமும் இருந்தது. மாற்றம் வந்ததும் அந்தப் புகையின் வழியாகவே. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோலும் புதிய கார்களுக்கு வினையூக்கி மாற்றியும் வந்தன. எம். சி. மேத்தா தொடுத்த காற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 29-4-1999 அன்று பிறப்பித்த ஆணை, தலைநகர் வட்டாரத்தில் அவ்வாண்டு ஜூன் முதல் யூரோ 1 நெறியையும் 2000 ஏப்ரல் முதல் யூரோ 2 நெறியையும் கட்டாயமாக்கியது. கார்புரேட்டரின் காலம் முடிந்தது. மாருதி 800 உள்ளிட்ட சிறு கார்களிலும் கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் ஊசி முறை, அதாவது எம்.பி.எஃப்.ஐ., இடம்பிடித்தது. காற்றுக்காக நடந்த வழக்கு மெக்கானிக்கின் அறிவையும் இடம்மாற்றியது என்பது நம் சுற்றுச்சூழல் வரலாறுகளில் போதிய கவனம் பெறவில்லை.

புதிய வண்டியிலும் அதே தாமதம் வருகிறது. ஆனால் அதன் இடம் மறைந்துவிட்டது. பம்ப் இப்போது பெட்ரோல் டாங்கிற்குள் இருக்கிறது. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் அது ஓரிரு நொடி ஓடி, குழாயில் அழுத்தத்தை ஏற்றுகிறது. அதனுள் உள்ள ஒருவழி வால்வு தேய்ந்தால் இரவு முழுதும் அழுத்தம் மெல்ல வடிந்துவிடும்; காலையில் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்க, அழுத்தம் மீண்டும் ஏறும்வரை எஞ்சின் பற்றாது. இதற்கான சோதனைக்குக் கருவியே வேண்டாம். சாவியை இரண்டு மூன்று முறை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பி அணைத்துவிட்டுப் பிறகு கிளப்பினால் உடனே கிளம்புகிறது என்றால் ஐயம் இங்கேதான். கசியும் இன்ஜெக்டரும் இதே விளைவைத் தரலாம் என்பதால் அழுத்தமானியைப் பொருத்தி உறுதிசெய்ய வேண்டும்.

சிக்கல் என்னவெனில், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கணினி சிறு குறைகளைத் தானே ஈடுகட்டிவிடுகிறது. 2010இலும் 2013இலும் இரு கட்டங்களாக இங்கே கட்டாயமான தற்கண்டறி முறை, ஓ.பி.டி., புகை நெறியைக் காக்கவே வகுக்கப்பட்டது. காலைத் தாமதம் அதில் ஒரு பிழைக் குறியீடாகப் பதிவாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஸ்கேனர் ‘பழுது இல்லை’ என்கிறது. உரிமையாளர் இருக்கிறது என்கிறார். சேவை மையத்தின் மேசையில் திரையே சான்றாகி, நினைவு வெறும் புகாராகிவிடுகிறது. கருவியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இரவு முழுதும் நின்ற வண்டியில் குளிர்நீர் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாகக் காட்ட வேண்டும். பெரிதும் வேறுபட்டால் ஒரு சென்சார் பொய் சொல்கிறது. இதை எந்தக் காதும் கேட்டிராது. ஆனால் காலையில்தான் பார்க்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவருக்குக் கருவி கிடைத்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. அசல் உதிரிபாகங்களும் பழுதறி கருவிகளும் கையேடுகளும் தனி மெக்கானிக்குகளுக்கு மறுக்கப்படுகின்றன என்ற முறையீடு 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் வந்தது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்து, அவற்றைத் திறந்த சந்தையில் கிடைக்கச் செய்யுமாறு பணித்தது. பயிற்சியற்ற கைகளில் கருவி பாதுகாப்பைக் கெடுக்கும் என்பது நிறுவனத் தரப்பின் வாதங்களுள் ஒன்று. அரை நூற்றாண்டு அம்பாசிடர்களை ஓடவைத்த கைகளைப் பற்றிய வாதம் இது என்பதை நினைவில் கொண்டு அந்த ஆணையைப் படிக்க வேண்டும். விவகாரம் மேல்முறையீடுகளுக்குச் சென்றது. பழுதுபார்க்கும் உரிமைக்கான நடுவண் அரசின் இணையத்தளம் 2022 டிசம்பரில்தான் தொடங்கப்பட்டது.

ஆணையத்தின் தீர்ப்புகள் எளிதில் கிடைக்கின்றன. கிடைக்காதது, கார்புரேட்டரிலிருந்து ஸ்கேனருக்கு மாறிய தலைமுறையின் சொற்கள். டெல்லியின் கஷ்மீரி கேட், கரோல் பாக், கொல்கத்தாவின் மல்லிக் பஜார் போன்ற இடங்களில் அவர்களில் பலர் இன்னும் பட்டறை நடத்துகிறார்கள். வாய்மொழி வரலாற்றில் பயிற்சியுள்ள மாணவர்கள் எவரேனும் அங்கே களப்பணி செய்ய விரும்பினால், ஒரு பழுதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைக் கண்டறிய அவர்கள் வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்விகளை வரிசை மாறாமல் பதிவுசெய்வதிலிருந்து தொடங்கலாம் என்பது என் பரிந்துரை.