எள்ளல் பெயர்சூட்டல்

பொது இடங்களுக்கோ சேவை நிலையங்களுக்கோ அரசியல் தலைவர் ஒருவரின் பெயரை இட்டு, அதன்வழி அவரையே கண்டிக்கும் எதிர்ப்பு முறை. கழிவு, குப்பை, வறுமை தொடர்பான இடங்களே பெரும்பாலும் தேர்வாகின்றன. கொல்கத்தாவில் அமெரிக்கத் துணைத் தூதரகம் உள்ள ஹாரிங்டன் தெரு, வியட்நாம் போர்க்காலத்தில் ‘ஹோ சி மின் சரணி’ ஆனது. இது நெருங்கிய, ஆனால் வேறான வழக்கம்: இங்கே இடப்பட்டது கண்டிக்கப்பட்டவரின் பெயரன்று, அவர்களை எதிர்த்த வியட்நாம் தலைவரின் பெயர்.

முன்னோடிகள்: 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் தெருவோரச் சிறுநீர்க் கழிப்பிடங்களுக்கு நிர்வாகி ராம்பூட்டோவின் பெயர் ஒட்டிக்கொண்டது. அதைத் தவிர்க்கவே அவர் ரோமப் பேரரசர் வெஸ்பாசியனின் பெயரைப் பரப்பினார் என்பர். வீட்டு உரிமையாளர்கள் மூடியுள்ள குப்பைத்தொட்டி வைக்க வேண்டுமென 1883-இல் ஆணையிட்ட பாரிஸ் நிர்வாகி புபெல்லின் பெயர் தொட்டிக்கே போயிற்று. 1930-களின் பெருமந்தத்தில் வீடிழந்த அமெரிக்கர்களின் குடிசைப்பகுதிகள் அதிபர் ஹூவரின் பெயரால் ‘ஹூவர்வில்’ எனப்பட்டன. போர்த்திக்கொண்ட செய்தித்தாள் ‘ஹூவர் போர்வை’, வெளியே இழுத்துவிட்ட காலிச் சட்டைப்பை ‘ஹூவர் கொடி’. ‘ஹூவர்வில்’லை உருவாக்கியவர் ஜனநாயகக் கட்சியின் விளம்பரப் பொறுப்பாளர் சார்லஸ் மிக்கெல்சன் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

சான் பிரான்சிஸ்கோ, 2008: இந்த எதிர்ப்பு வடிவம் அதிகாரபூர்வ வாக்குச்சீட்டை எட்டிய, நன்கு பதிவான நிகழ்வு இது. நண்பர் குழு ஒன்று மதுக்கடைப் பேச்சில் தொடங்கிய யோசனை, ஓஷன்சைட் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ‘ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கழிவுநீர் நிலையம்’ என்று பெயரிடக் கோரும் மனுவாக வளர்ந்தது. தேவைப்பட்ட 7,168 செல்லத்தக்க கையெழுத்துகள் சேர்ந்ததும், கோரிக்கை ‘முன்மொழிவு ஆர்’ ஆயிற்று. அடுத்த அதிபர் பதவியேற்கும் வேளையில் ஊரார் ஒருசேரக் கழிப்பறைத் தண்ணீரை இழுத்துவிட வேண்டும் என்ற திட்டமும் இருந்தது.

குடியரசுக் கட்சியினர் எதிர்த்தனர். நகரின் நீர்த்துறை வட்டாரமும் முகம் சுளித்தது. விலங்குக் காட்சிசாலையை ஒட்டி, பெரும்பகுதி நிலத்தடியில் அடங்கிய அந்த நிலையம் விருது பெற்றது. ஒழுங்காக வேலை செய்யும் ஓரிடத்துக்கு இந்தப் பெயர் எதற்கு என்பது அவர்களின் வாதம். புஷ் விட்டுச்செல்லும் அழுக்கைச் சுத்தம் செய்யும் இடம்தானே பொருத்தம் என்றனர் ஆதரவாளர்கள். 2008 நவம்பர் 4 அன்று சுமார் 70 விழுக்காட்டினர் மறுத்து வாக்களித்தனர். தோல்விக்குச் செலவு, ஊழியர் மீதான மதிப்பு, கேலியின் மிகை எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. புஷ் மீதான பரிவாக இதைக் கொள்வது கடினம்: அதே நாளில் நகர வாக்காளர்களில் சுமார் 84 விழுக்காட்டினர் ஒபாமாவைத் தேர்ந்தனர்.

பிற்காலம்: 2020-இல் கனெக்டிகட்டின் டான்பரி நகரைத் தொலைக்காட்சியில் வசைபாடிய நகைச்சுவையாளர் ஜான் ஆலிவரின் பெயரைத் தம் கழிவுநீர் நிலையத்துக்குச் சூட்டப்போவதாக அவ்வூர் மேயர் அறிவித்தார். இங்கே பெயரிட்டவர் அரசியல்வாதி, பெயர் பெற்றவர் நையாண்டிக்காரர். நகர மன்றம் 18-க்கு 1 என்ற வாக்கில் ஒப்புதல் அளித்தது. திறப்பு விழாவுக்கு ஆலிவரே நேரில் வந்தார்.