இழை சாயும் திசை

அமெரிக்காவில் கார்களை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் டீட்டெய்லிங் பட்டறைகளில் உட்புற வேலை முழுதும் முடிந்த பிறகு, கடைசியாக ஒன்று நடக்கும். இருக்கைகளைத் துடைத்து, கறை எடுத்து, தரைக் கார்பெட்டை வெந்நீரால் கழுவி உறிஞ்சியாயிற்று. இப்போது ஒருவர் திறந்த கதவருகே குனிந்து, வேக்குவம் கிளீனரின் மூக்கையோ கெட்டியான ஒரு பிரஷ்ஷையோ கார்பெட்டின் மேல் அளந்து அளந்து இழுப்பார். ஒரு பட்டை வெளுத்துத் தெரியும், அடுத்தது கருத்துத் தெரியும். நேர்கோடுகள், முக்கோணங்கள், வைர வடிவங்கள், சதுரங்கக் கட்டங்கள் என்று தரை முழுவதும் கோலம் கொள்ளும். இதில் சாயமும் இல்லை, கூடுதல் நூலும் இல்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் கால் வைத்ததும் அழிந்துபோகும். படம் எடுத்துக் காட்டுவதற்காக அண்மையில் முளைத்த ஒப்பனை என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்தக் கோட்டின் வேர் துணித் தொழிலில் இருக்கிறது. காருக்குள் அது வந்து சேர்ந்த காலத்தைத் தீர்மானித்தது மனிதரின் பகட்டு ஆசையைவிடக் கார்பெட்டின் நூல்தான். வந்து சேர்ந்த பிறகு அது செய்யும் முதல் வேலையும் அலங்காரம் அன்று. வேலை முடிந்தது, அதன்பின் யாரும் மிதிக்கவில்லை என்று சாட்சி சொல்வது.

வெல்வெட் துணியை விரலால் தடவிப் பார்த்த எவருக்கும் இதன் சூட்சுமம் தெரியும். நிமிர்ந்து நிற்கும் இழைகள் நம்மைவிட்டு விலகிச் சாய்ந்தால் அவற்றின் பக்கவாட்டில் ஒளி பட்டுத் துணி வெளுத்துத் தெரிகிறது. நம்மை நோக்கிச் சாய்ந்தால் இழைகளின் நுனி மட்டும் தெரிவதால் நிறம் ஆழ்ந்துவிடுகிறது. வெல்வெட்டை வெட்டும் தையற்காரர் எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்து வெட்டுவது இதனால்தான். இங்கிலாந்தின் கம்பளித் தொழிலில் இந்தத் திசைக்கென்றே தனி வேலைகள் இருந்தன. நெய்து வந்த துணியின் மேற்பரப்பை ஒருவகை முட்செடியின் காய்ந்த பூத்தலைகளால் கீறிச் சுணை எழுப்புவார்கள். எழுந்த சுணையை ஒரே மட்டமாகக் கத்தரித்து, ஒரே பக்கமாகப் படிய வாருவார்கள். சுணை சீராகப் படிந்திருந்தால்தான் துணி முடிந்த துணி. அந்தக் கத்தரிப்பை இயந்திரம் ஏற்றுக்கொண்ட பிறகு நடந்த ஒன்று இந்த வரலாற்றில் மிக முக்கியமானது. கிளாஸ்டர்ஷயரின் ஸ்ட்ரௌட் பகுதியில், ஆலையில் சுணை வெட்டும் உருளைக் கத்தியைக் கண்ட எட்வின் பியர்ட் பட்டிங், அதே அமைப்பைப் புல்லுக்குப் பொருத்தி 1830இல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பின்னால் வரும் உருளை புல்லை ஒருபக்கமாகச் சாய்த்துச் செல்ல, போகும்போது ஒரு நிறமும் திரும்பும்போது ஒரு நிறமுமாகப் பட்டைகள் விழுந்தன. கிரிக்கெட் மைதானத்தின் பச்சைப் பட்டைகளுக்கும் கம்பளியின் சுணைக்கும் உள்ள உறவு ஒப்புமையால் கட்டியது அன்று, இயந்திரத்தின் வம்சாவளியே அப்படி.

கார்பெட் இந்தக் கதைக்குள் வருவது ஜார்ஜியா மாநிலத்தின் டால்டன் ஊர் வழியாக. அங்கே 1895இல், பதினைந்து வயதை ஒட்டிய கேத்தரின் எவன்ஸ் என்ற பெண், பழைய முறை ஒன்றைப் பார்த்துப் படுக்கை விரிப்பு ஒன்றைச் செய்தார். பருத்தித் துணியில் தடித்த நூலைக் கோத்து, மேலே நிற்கும் தையல்களை வெட்டிவிட்டு, வெந்நீரில் அலசுவார். துணி சுருங்கி நூலை இறுகப் பிடித்துக்கொள்ளும். வெட்டுப்பட்ட நுனிகள் பூப்போல விரியும். 1900இல் அப்படி ஒரு விரிப்பை 2.50 டாலருக்கு விற்றார். அந்தப் பகுதிப் பெண்கள் நூற்றுக்கணக்கில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டார்கள். நெடுஞ்சாலை ஓரக் கொடிகளில் மயில் உருவம் போட்ட விரிப்புகள் வரிசையாகத் தொங்கியதால் அந்தச் சாலைக்கே மயில் பெயர் வந்தது. கையால் கோத்த நூலைப் பிறகு இயந்திர ஊசிகள் கோத்தன. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அதே முறையில் அறை அகலத்துக்குக் கார்பெட் செய்யத் தொடங்கி, டால்டன் அமெரிக்கக் கார்பெட் தொழிலின் தலைநகரானது. எவன்ஸின் விரிப்பில் உருவமே வேலையின் உயிர். மயிலோ பூவோ இல்லாமல் அது விரிப்பே இல்லை. இயந்திரம் மலிவாகக் கொடுத்ததோ ஒரே நிறத்தில், உருவமில்லாத பரப்பை. விலை இறங்கியது, கோலம் வெளியேறியது. பின்னாளில் வேக்குவத்தை இழுத்துக் கோடு போட்டவர்கள் அந்த வெறும் பரப்புக்கு உருவத்தைத் திரும்பக் கொடுத்தார்கள் என்றே நான் படிக்கிறேன். அவர்கள் கையில் இருந்த கருவிக்கும் தொழிலாளியின் கைராசி உண்டு: சுழலும் பிரஷ் பொருத்தித் தூக்கிச் செல்லத்தக்க வேக்குவம் கிளீனருக்கு 1908இல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் ஸ்பேங்ளர், ஒஹையோவின் கேன்டன் நகரில் ஒரு கடையைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவர்.

காருக்குள் இது உடனே வந்துவிடவில்லை. தொடக்ககாலக் கார்களில் கார்பெட் என்பது அந்தஸ்தின் அடையாளம். ஓட்டுநர் வைத்து ஓட்டிய பெரிய வண்டிகளில், பின்னால் அமரும் முதலாளியின் காலடியில் கம்பளிக் கார்பெட். முன்னால் ஓட்டுநருக்கு ரப்பர் விரிப்பு. ஃபோர்டின் மாடல் டி போன்ற எளிய வண்டிகளிலும் முன்பக்கத் தரைக்கு ரப்பர்தான். போருக்குப்பின் சாதாரண வண்டிகளிலும் கார்பெட் பரவியது, ஆனால் அது வேறு வகை. எண்பது பங்கு ரேயானும் இருபது பங்கு நைலானும் கலந்து, நூல் வளையம் வளையமாக நிற்கும் கார்பெட் அது. 1973 வரை அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். வளையத்துக்கு நுனி கிடையாது. இரண்டு காலும் தரையில் ஊன்றி நிற்பதால், எப்படி வாரினாலும் ஒருபக்கமாகச் சாயாது, கோடும் நிலைக்காது. 1974ஐ ஒட்டி வளையங்களின் தலையை வெட்டிய நைலான் கார்பெட் பரவலானது. அதே பத்தாண்டில் வீடுகளில் நீண்ட இழைக் கார்பெட்டுகள் பெருகி, அவற்றை வாருவதற்கென்றே பல்வைத்த வாரிகள் விற்றன. வாரிய தரையைக் கண்ணுக்குப் பழக்கியது வீடு. அதைக் காரில் சாத்தியமாக்கியது வெட்டிய இழை. காரில் கார்பெட் இருந்த காலம் முழுவதும் பகட்டு விரும்பிகள் இருந்தார்கள். பகட்டு மட்டுமே காரணம் என்றால் இந்தக் கோடு சாதாரண வண்டிகளில் இருபது வருஷம் முன்பே விழுந்திருக்க வேண்டும்.

சாட்சி என்று சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கோடு குறையை மறைக்கவும் பயன்படும். இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் பேஸ்பால் மைதானத்திலிருந்தே கிடைக்கிறது. 1993இல் மில்வாக்கி மைதானத்தின் புல் ஓர் இசை நிகழ்ச்சியால் பழுதானபோது, அங்கே வேலை செய்த டேவிட் மெல்லர் புல்லில் உருவம் வெட்டிப் பழுதைக் கண்ணிலிருந்து மறைத்தார். புல்லில் கோலம் போடும் கலைக்கு அவர் பெயர் நிலைத்தது அதன்பிறகுதான். புல்லில் நடந்தது கார்பெட்டிலும் நடக்கும். வெளுத்த பட்டைக்கும் கருத்த பட்டைக்கும் நடுவில் மங்கிய கறை ஒன்று ஒளிந்துகொள்ள முடியும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் எல்லாக் குறையும் ஒளியாது. அழுக்கும் பழைய ஷாம்பூவும் ஒட்டிக் கட்டிப்போன இழை எந்தப் பக்கமும் சாயாது. தேய்ந்து மொட்டையான இடத்தில் சாய்வதற்கு இழையே இருக்காது. ஓட்டுநரின் குதிகால் பட்டுத் தேய்ந்த இடத்தில் வைர வடிவம் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு மறைப்பது நிறக் குறையை. இழையின் குறையை அது பறைசாற்றுகிறது. முத்திரை போலியாகலாம் என்பதால் முத்திரை வைக்கும் வழக்கமே பொய்யாகிவிடாது.

சுத்தத்துக்கு இதனால் பயன் இல்லை, கூலி நேரம்தான் வீண் என்பது இன்னொரு வாதம். காய்ந்த கார்பெட்டில் அழகுக்காக இழுக்கும் கடைசிக் கோட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். ஈரக் கார்பெட்டுக்குப் பொருந்தாது. நைலான் நூலை முறுக்கிச் சூட்டில் வைத்துத்தான் அதன் வடிவத்தை நிலைநிறுத்துகிறார்கள். வெந்நீரும் உறிஞ்சுகுழாயும் பட்ட பிறகு இழை தாறுமாறாகக் கிடக்கும். எப்படிக் கிடக்கிறதோ அப்படியே காயும். அதனால் வீட்டுக் கார்பெட் கழுவும் தொழிலிலும் ஈரத்தோடு வாரி நிமிர்த்துவது வேலையின் ஒரு பகுதி. உறிஞ்சுகுழாயின் தடமும் அப்போதுதான் மறையும். முழுத் தரையையும் விடாமல் வாரியாயிற்றா என்று பார்க்க, நேர்கோடுகளை ஒட்டி ஒட்டி இழுப்பதைவிட எளிய வழி இல்லை. விட்ட இடம் கோலத்தில் பொத்தலாக நிற்கும்.

வளைய இழை போய் வெட்டிய இழை வந்த இந்தக் காலக்கோடு பழைய வண்டிகளை மீட்டெடுப்பவர்களுக்கு நேரடியாகப் பொருள் தருவது. 1965ஆம் ஆண்டு மஸ்டாங் ஒன்றின் தரையில் துல்லியமான முக்கோணங்கள் வரிசையாக விழுந்திருந்தால், வாரியவரின் கை நல்ல கை. ஆனால் அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது அதில் இருந்தது வளைய இழை. முக்கோணம் ஏற்கும் கார்பெட் பின்னால் யாரோ மாற்றிப் போட்டது.