தோட்டத்துப் பள்ளியின் வாரியத்தார்

இந்தப் பொன்விழா மலருக்காக நம் மூத்த உறுப்பினர்களைச் சந்தித்தபோது, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்டோம். நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளியின் வாரியத்தில் யார் யார் இருந்தார்கள்? வாத்தியார் பெயரைத் தயங்காமல் சொன்னார்கள். அவர் கையில் இருந்த பிரம்பின் நீளத்தைக்கூடச் சொன்னார்கள். வாரியம் என்றதும் மட்டும் யோசித்தார்கள். "துரைதானே?" என்றார்கள் பலர்.

அந்தப் பதிலில் தவறில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி கல்விச் சட்டத்தால் பிறந்த பிள்ளையன்று, தொழிலாளர் சட்டத்தால் பிறந்த பிள்ளை. நெகிரி செம்பிலானும் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரும் அதற்கு மேலும் குடியிருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்றது. லயம் கட்டித் தருவதுபோல், ஆயாக்கொட்டகை வைப்பதுபோல் பள்ளியும் ஒன்று. பல இடங்களில் ஆயாக்கொட்டகையே பள்ளி, எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியே வாத்தியார். துரை வைத்ததுதான் சட்டம். வாரியம் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை.

சுதந்திரத்தை ஒட்டித்தான் நிலைமை மாறியது. அன்றைய கல்வி அமைச்சர் அப்துல் ரசாக் தலைமையிலான குழு 1956இல் அறிக்கை தந்தது. 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தமிழ்ப்பள்ளிகளை நாட்டின் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தது. ரஹ்மான் தாலிப் அறிக்கையைத் தொடர்ந்து 1961ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. உதவி பெறும் ஒவ்வொரு பள்ளிக்கும் எழுத்துப்பூர்வமான நிர்வாக ஆவணமும், அதன்படி நடக்கும் ஒரு வாரியமும் இருக்க வேண்டும் என்பது இக்காலத்தில்தான் உறுதியானது. பள்ளியை நிறுவியவர் அல்லது நிலத்துக்கு உரியவர் தரப்பு, நன்கொடையாளர், பெற்றோர், முன்னாள் மாணவர், கல்வி அமைச்சு நியமிப்பவர் எனப் பல தரப்பாரும் அதில் உட்கார வழி பிறந்தது. தலைவர் நாற்காலியில் பெரும்பாலும் துரையே தொடர்ந்தார் என்பது வேறு கதை.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் வருகிறார்கள். கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து வந்த நம்மவர்களில் பால்மரம் சீவியவர்களும் உண்டு. ஆனால் அதிகம் பேர் சம்பள நாளில் சைக்கிளில் துணி மூட்டை கட்டிப் போனவர்கள், தோட்டத்து வாசலில் மளிகைக் கடை போட்டவர்கள். போர்ட்டிக்சன், ரந்தாவ், லாபு, பாகாவ் வட்டாரங்களில் கடை வைத்திருந்த குடும்பங்களில் கேட்டால், "எங்கள் நன்னா பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்தார்" என்ற பேச்சு அங்கொன்றும் இங்கொன்றுமாக வருகிறது. கமிட்டி என்றுதான் சொல்கிறார்கள். நன்கொடையாளர் என்ற கணக்கில் அவர்கள் உள்ளே போயிருக்கிறார்கள்.

கடைக்காரரை ஏன் கூப்பிட்டார்கள்? கணக்கு எழுதத் தெரியும், பட்டணத்தில் நாலு பேரைத் தெரியும், அவசரத்துக்குக் கரும்பலகையோ சுண்ணக்கட்டியோ கடனாக வாங்கித் தருவார். இவை வெளிப்படையான காரணங்கள். இன்னொன்றும் உண்டு என்று நினைக்கிறோம். லயத்தில் குடியிருப்பவர் துரைக்கு எதிரே வாய் திறந்தால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும். கடைக்கார பாய் துரையிடம் சம்பளம் வாங்குபவர் அல்லர். "கூரை ஒழுகுகிறது" என்று கூட்டத்தில் சொல்ல அவரால் முடியும். ஆனாலும் இதை அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம். தோட்டத்து மண்ணில் கடை நடத்த அனுமதி தருபவரும் அதே துரைதான். எவ்வளவு பேசலாம் என்று நன்னாவுக்கும் தெரிந்திருக்கும்.

நம் சமூகத்துக்கு இதில் நேரடியாக ஒரு காரியமும் இருந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 முஸ்லிம் மாணவர் இருந்தால்தான் இஸ்லாமியக் கல்வி கற்பிக்க வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நம் பிள்ளைகள் மூன்று பேர் இருப்பார்கள், மிஞ்சினால் ஏழு பேர். பதினைந்துக்கு எங்கே போவது? மாலையில் சுராவிலோ கடையின் பின்கட்டிலோ ஓதக் கொடுத்ததுதான் வழி. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அந்த எண்ணிக்கையை ஐந்தாகக் குறைத்தது. வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம், மாநில அதிகாரத்தின் ஒப்புதல் பெற்ற ஆசிரியர். வருத்தம் என்னவென்றால், சட்டம் இறங்கி வந்த நேரத்தில் நம்மவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளைத் தேசியப் பள்ளிக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். தேசியப் பள்ளியிலும் 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்புக்கு அதே சட்டத்தில் இடமுண்டு. அதையும் கேட்பவர் குறைவு.

தமிழ் முஸ்லிம்களுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று நம் இளையோர் சிலர் கேட்கிறார்கள். தெற்கே சிங்கப்பூரைப் பார்க்கட்டும். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரில் 1946இல் அங்கே தமிழ்ப்பள்ளி தொடங்கியது சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக். 1960இல் அது உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்து, 1982 வரை நடந்தது. இன்று அந்தப் பெயர் தமிழ்மொழி நிலையத்துக்கு நிலைத்துவிட்டது. அங்கே நம்மவர்கள் பள்ளியையே நிறுவினார்கள். இங்கே மற்றவர்களோடு சேர்ந்து வாரியத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

அந்த நாற்காலியின் கனம் தோட்டம் கைமாறும்போதுதான் தெரிந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, ஆள் குறைந்தது. 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்தது. தொண்ணூறுகளுக்குப் பிறகு நீலாய், லாபு, செண்டாயான் பக்கங்கள் தாமான்களாக மாறின. பள்ளிக் கட்டடம் நிற்கும் நிலம் நிறுவனத்துடையது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தருகிறது. ஆனால் நிலம் அரசாங்கத்துடையதன்று என்பதால் பல பள்ளிகள் இன்னும் பகுதி உதவி பெறும் பள்ளிகளே. மாற்று நிலம் கேட்க வேண்டும், பள்ளியை மக்கள் குடிபோன தாமானுக்கு இடம் மாற்ற வேண்டும் என்றால் வாரியம் கூடித் தீர்மானம் போட்டு எழுத வேண்டும். வாரியத்தார் சிலர் இறந்து, சிலர் ஊர்மாறி, பெயர்கள் மட்டும் காகிதத்தில் இருந்தால் யார் எழுதுவது?

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530க்கும் குறைவு. நம் மாநிலத்தில் 61. இவற்றில் பல, 150க்கும் குறைவான பிள்ளைகளைக் கொண்ட குறைந்த மாணவர் பள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரியம் உண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் வேறு, வாரியம் வேறு. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குக் கடிதம் வரும், பிள்ளை படிக்கும் வரை நாமும் போவோம். வாரியம் நிலத்தையும் சொத்தையும் பார்ப்பது. பிள்ளை பள்ளியை விட்டுப் போன பிறகும் முன்னாள் மாணவர் என்ற முறையில் நமக்கு அங்கே இடமுண்டு. வாரியத்தார் யாரென்று அறிய வேண்டுமானால் தலைமையாசிரியரைக் கேட்டாலே போதும். நாம்தான் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு முதல் நாங்கள் சிலர் கடை அடைக்கும் வெள்ளிக்கிழமை மதியங்களில், ஜும்ஆவுக்குப் பிறகு, பழைய தோட்டப் பள்ளிகளுக்குப் போய் வருகிறோம். ஓரிடத்தில் வாரியத் தலைவர் முன்பு அதே தோட்டத்தில் தண்டலாக இருந்தவரின் மகன். எங்கள் பெயரைக் கேட்டதும், "உங்க அத்தா கடையில எங்கப்பாவுக்குப் பற்று இருந்துச்சு பாய்" என்று சிரித்தார். முன்னாள் மாணவர் தரப்பில் இரண்டு இடங்கள் காலியாக இருப்பதாகவும் சொன்னார்.

அந்த இரண்டு இடங்களுக்கு அப்பள்ளியில் படித்த நம் உறுப்பினர்கள் பெயர் கொடுக்கலாம். மற்றவர்களின் வீட்டில், பெட்டியிலோ பரணிலோ, பள்ளிக் கமிட்டியின் பழைய கூட்டக்குறிப்பு, நன்கொடை ரசீது, குழுப்படம் ஏதும் இருந்தால் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். நகலெடுத்துக்கொண்டு மறுவாரமே திருப்பித் தருகிறோம். படத்தில் இருப்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், முதலில் அவரையே அழைத்து வாருங்கள்.