ஒயின் வீடு தேடி வருமா? விதிகள் என்ன?

பிரியாணி மாதிரி ஒயினையும் செல்போனில் ஆர்டர் போடலாமா? அது நீங்க இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. அரசியலமைப்பின் 7-வது அட்டவணைப்படி, மது விற்பனை மாநில அரசுகளின் அதிகாரத்தில் வருகிறது. வீட்டு டெலிவரியைப் பரிசீலிக்கலாம் என 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது, கட்டாயமாக்கவில்லை.

எங்கே கிடைக்கும்?

மேற்கு வங்கம், ஒடிசாவில் 2020-ல் அனுமதி தரப்பட்டது. 21 வயது நிரம்பியிருக்கணும். அடையாள அட்டை அவசியம்.

எங்கே கிடைக்காது?

பீகார், குஜராத்தில் மதுவிலக்கு அமலில் உள்ளது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைக்கு நேரில்தான் போகணும்.

எதில் உஷார்?

அனுமதி இல்லாத ஊரில் 'ஹோம் டெலிவரி' என இணையத்தில் வரும் எண்கள் பெரும்பாலும் மோசடி வலைதான். முன்பணம் அனுப்பாதீங்க, ஓடிபி சொல்லாதீங்க. பணம் போயிருந்தால் தயங்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள்.