பல வழங்கிகளுக்கான தொலைக் கட்டளை வரலாறு

பல வழங்கிகளுக்குக் கோப்புகளை அனுப்புவதையும், அவற்றில் தொலைவிலிருந்து கட்டளைகளை இயக்குவதையும் ஒரே குறுநிரலால் தானாகச் செய்யும் முறை 1980களில் யூனிக்சு கணினிகளில் வளர்ந்தது.

தொடக்கம்

1983இல் வெளியான 4.2 பிஎசுடி இயங்குதளத்தில் ஆர்எசுஎச் (தொலைக் கட்டளை), ஆர்சிபி (கோப்பு நகல்) ஆகிய கருவிகள் இடம்பெற்றன. நம்பகமான கணினிகளின் பெயர்கள் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருந்தால் கடவுச்சொல் கேட்கப்படாது. 1988 நவம்பரில் மொரிசு புழு பரவிய வழிகளுள் இந்த நம்பிக்கையும் ஒன்று.

பாதுகாப்பு

பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதையடுத்து, பின்லாந்தின் டாட்டு இலோனென் 1995இல் மறையாக்கம் செய்யும் எசுஎசுஎச் நெறிமுறையை உருவாக்கினார். 1996இல் ஆன்ட்ரூ டிரிட்செல், பால் மெக்கரசு ஆகியோரின் ஆர்சிங்க் வெளிவந்தது. இது கோப்பில் மாறிய பகுதிகளை மட்டுமே அனுப்பும்.

தமிழ்நாட்டில்

சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் கப்ரு கொத்துக் கணினி 144 கணுக்களைக் கொண்டிருந்தது. 2004இல் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகளின் பட்டியலில் இது இடம்பெற்றது. இத்தனை கணுக்களிலும் ஒவ்வொன்றாக நுழைந்து ஓர் அமைப்புக் கோப்பை மாற்ற, கணுவுக்கு 2 நிமிடம் என்றாலும் ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். குறுநிரலில் சில வரிகள் போதும். ஆனால் பிழையான கட்டளையும் அதே வேகத்தில் எல்லாக் கணுக்களையும் சென்றடையும். எனவே முதலில் ஒரு கணுவில் சோதித்த பின்னரே மற்றவற்றுக்கு அனுப்புவது நல்ல வழக்கமாகும். 2012இல் தொடங்கப்பட்ட ஆன்சிபிள் போன்ற பிற்காலக் கருவிகளில், எதையும் மாற்றாமல் விளைவை முன்கூட்டிக் காட்டும் வசதியும் உண்டு.